தனியாக நீந்தப் போகிறவருக்கு: கரையில் ஓர் ஆள் இருக்கட்டும்

கேள்வி இதுதான்: "எனக்கு 33 வயது. சின்ன வயதில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினேன். கோவையில் வேலை பார்த்தபோது நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டரை 25 நிமிடத்தில் நீந்துவேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். காலை ஐந்தரை மணிக்குத் தனியாகப் போய்க் கீழ்பவானி வாய்க்காலிலோ பவானி ஆற்றிலோ நீந்த ஆசை. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது, நண்பர்களுக்கும் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவன் தனியாகப் போவதில் நிஜமாகவே ஆபத்து இருக்கிறதா, இல்லை பெரியவர்கள் சும்மா பயப்படுகிறார்களா?"

தம்பி, ஆபத்து இருக்கிறது. உங்களுக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்பதால் அது குறைந்துவிடவில்லை, சில வகையில் கூடியிருக்கிறது. நீச்சல் தெரியாதவர் இடுப்பளவுத் தண்ணீரோடு நின்றுகொள்வார். தெரிந்தவர்தான் நடு ஆற்றுக்குப் போகிறார், அக்கரையைத் தொட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார், மதகுக்குப் பக்கத்தில் குதிக்கிறார். ஈரோடு மாவட்டத்தில் தீயணைப்பு மீட்புப் பணியில் 26 ஆண்டுகள் இருந்தவன் நான். தண்ணீரில் இருந்து நாங்கள் எடுத்து வந்தவர்களின் வீட்டில் அடிக்கடி கேட்ட சொல், "அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியுமே" என்பதுதான்.

நீந்தவே போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு 63 வயது. இன்றும் வாரத்தில் நான்கு நாள் நீந்துகிறேன். ஓடுகிற தண்ணீரில் விடியற்காலையில் மல்லாந்து மிதந்தபடி வானம் வெளுப்பதைப் பார்க்கிற சுகம் குளோரின் குளத்தில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். உங்கள் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது "தனியாக" என்கிற ஒரு சொல்லை. அதற்கு அடுத்தபடியாக, எந்தத் தண்ணீர் என்பதை.

ஒரு கார்த்திகை மாதத்துக் காலையைச் சொல்கிறேன். வாய்க்கால் கரையில் ஒரு மொபட் நின்றது. கைப்பிடியில் பால் ஊற்றிவிட்டு வந்த காலித் தூக்குப்போசி தொங்கியது. பக்கத்தில் கல்மேல் லுங்கியை நான்காக மடித்து, அதன்மேல் கைபேசியை வைத்திருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது அது அடித்துக்கொண்டிருந்தது. திரையில் "வீடு" என்று இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. எடுத்துப் பேச எங்கள் குழுவில் யாருக்கும் கை போகவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன்.

அவர் சின்ன வயதில் இருந்து அதே இடத்தில் குளித்தவர். ஆறேகாலுக்குச் சொசைட்டியில் பால் ஊற்றியிருக்கிறார். எட்டரைக்கு ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மாள் வண்டியைப் பார்த்திருக்கிறார். நடுவே இரண்டேகால் மணி நேரம். எப்போது இறங்கினார், எப்போது மூழ்கினார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நொடிக்கு ஒரு மீட்டர் போகிற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 3.6 கிலோமீட்டர் போய்விடும். அப்படியானால் நாங்கள் தேட வேண்டியது எட்டுக் கிலோமீட்டர் வாய்க்கால், இரண்டு கரை, ஒவ்வொரு மதகு, ஒவ்வொரு பாலத்தின் அடி. மூன்றாம் நாள்தான் கிடைத்தார். கரையில் ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாங்கள் ஐம்பது மீட்டர் தேடியிருப்போம். எங்களைக் கூப்பிடும் தேவையே இல்லாமலும் போயிருக்கலாம்.

மூழ்குகிற ஆள் கையை உயர்த்தி ஆட்டுவார், "காப்பாற்றுங்கள்" என்று கத்துவார் என்று எல்லாரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்குத் தவிக்கிற உடல் முதலில் மூச்சு வாங்கத்தான் பார்க்கும். கத்துவதற்கு மிச்சக் காற்று இருக்காது. வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போகும், மேலே வரும், மறுபடி கீழே போகும். கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், உயர்த்த முடியாது. கால் உதைக்காது. தலை பின்னால் சாய்ந்து, ஏணிப்படி ஏறப் பார்ப்பவர்போலச் செங்குத்தாக நிற்பார். இந்த நிலை 20 நொடியில் இருந்து 60 நொடி வரைதான். பிறகு உள்ளே போய்விடுவார். சத்தமே இல்லை. பத்தடி தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கே தெரியாமல் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் "பக்கத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள்" என்பது துணை ஆகாது. உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்.

நன்றாக நீந்துபவருக்கு அந்த நிலை ஏன் வரப்போகிறது என்று கேட்பீர்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம். அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவில் ஒரு வாய்த் தண்ணீர் மூச்சுக்குழலில் ஏறிப் புரையேறலாம். வெறும் வயிற்றில் வந்ததால் தலை சுற்றலாம். வேட்டியோ, அறுந்த மீன்வலையோ, ஆகாயத்தாமரைத் தண்டோ காலில் சுற்றலாம். கரையில் நடந்தால் இவையெல்லாம் அரை நிமிடத் தொந்தரவு. தண்ணீரில், தனியாக இருக்கும்போது, அந்த அரை நிமிடம்தான் உயிர். நாற்பதாவது வயதில் பவானி ஆற்றில் எனக்கே இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. இருபது ஆண்டுப் பழக்கம் எல்லாம் அந்த நொடியில் மறந்துபோய், காலை மடக்கி உதைக்கப் பார்த்தேன், இன்னும் இறுகியது. பரிசல்காரர் துடுப்பை நீட்டினார். அதைப் பிடித்த பிறகுதான் "மல்லாந்து மிதந்து, கட்டைவிரலைப் பிடித்துத் தன்பக்கம் இழு" என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நினைவுக்கு வந்தது.

1994-இல் 12 வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்தாரே குற்றாலீசுவரன், அவரைப் போன்ற நெடுந்தூர நீச்சல்காரர்களைப் பாருங்கள். பக்கத்திலேயே படகு வரும், படகில் இருப்பவர்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆங்கிலக் கால்வாயிலும் துணைப்படகு இல்லாமல் யாரையும் இறங்க விடமாட்டார்கள். முப்பது கிலோமீட்டர் நீந்தத் தெம்பு உள்ளவர்களுக்கே துணை வேண்டியிருக்கிறது.

நம் ஊரிலும் பழைய வழக்கம் அதுதான். உங்களுக்கு அப்புச்சி எப்படி நீச்சல் பழக்கினார் என்று நினைத்துப் பாருங்கள். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டியிருப்பார், அல்லது ரயில் கற்றாழையின் காய்ந்த தண்டை. இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை படியில் நிற்பவர் கையில். கொஞ்சம் பழகியதும் சுரைப்புருடை போகும், பிறகு கயிறும் போகும். ஆனால் மேட்டில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மட்டும் போகமாட்டார். "ஆள் இல்லாமல் கிணற்றில் இறங்காதே" என்பது எல்லாத் தோட்டத்திலும் சட்டம். நீச்சல் குளத்துக்குப் போன தலைமுறைக்கு அந்தச் சட்டம் மறந்துவிட்டது. குளத்தில் உயிர்காப்பாளர் உட்கார்ந்திருப்பார், அவர் இருப்பதே நமக்கு உறைக்காது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் நீங்கள் நீந்தப்போகிற தண்ணீர் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவர் திறந்து விடுகிற தண்ணீர். கோபி பக்கத்துப் பவானி ஆறு பவானிசாகர் மதகு வழியாக வருகிறது. பவானிசாகருக்கு மேலே பில்லூர் அணை. காவிரியில் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, சமயசங்கிலி, வெண்டிபாளையம் என்று வரிசையாகக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் மின் உற்பத்தி. நேற்று மாலை முழங்கால் அளவு இருந்த இடம் இன்று காலை கழுத்தளவு இருக்கலாம். உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இருக்காது.

இதில் மிக மோசமானது மேட்டுப்பாளையம் பக்கத்துப் பவானி. பில்லூர் சிறிய அணை, மழைக்காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். நீலகிரியில் குந்தா பக்கமும் அட்டப்பாடியிலும் மழை கொட்டினால் உபரி நீரைத் திறந்தே ஆக வேண்டும். மழை இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது ஆறு சில நிமிடங்களில் ஏறும். ஆற்று நடுவே பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது அப்படித்தான். அறிகுறி ஒன்று உண்டு. தெளிவாக வந்த தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் நுரையும் மிதந்து வரும், பாறையில் இருந்த ஈரக்கோடு மறையும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் எதையும் எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

காவிரியில் மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. ஆனால் கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பும் ஆண்டில் கணக்கே வேறு. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரில் இருந்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறையில் இறங்க விடாமல் காவலர்கள் தடுப்பு கட்டுவது பக்தர்களைத் தொந்தரவு செய்ய இல்லை. அந்த நாட்களில் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீரின் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும். ஓட்டம் இரண்டு மடங்கானால் உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும்.

நீங்கள் கேட்ட கீழ்பவானி வாய்க்காலுக்கு வருவோம். 1955-இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையோடு வந்தது. 200 கிலோமீட்டர் நீளம், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறப்பார்கள். முழு அளவில் விடும்போது தலைப்பில் நொடிக்கு 2,300 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று போட்டால் நொடிக்கு 65 டன் தண்ணீர். நீங்கள் கிலோமீட்டரை 25 நிமிடத்தில் நீந்துகிறீர்கள், அதாவது நொடிக்கு 0.67 மீட்டர். வாய்க்கால் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், முழு மூச்சாக எதிர்நீச்சல் போட்டாலும் பின்னால்தான் போவீர்கள். குளத்தில் நீங்கள் போட்ட கணக்கு இங்கே செல்லாது.

ஓட்டத்தைவிட வாய்க்காலில் நான் அஞ்சுவது கரையை. கரை கட்டிய இடங்களில் சரிவான காங்கிரீட், அதன்மேல் பாசி. பிடிக்க ஒரு வேர் இல்லை, புல் இல்லை. கை வைத்தால் வழுக்கும், கால் வைத்தால் வழுக்கும். நல்ல தெம்புள்ள ஆள்கூடப் பத்து முறை ஏறப் பார்த்து வழுக்கியே களைத்துப்போவார். படித்துறை இருக்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த படித்துறை வரை தண்ணீர் இழுத்த இழுப்புக்குத்தான் போக வேண்டும். அதற்குள் ஒரு மதகு வரலாம், தண்ணீர் மட்டம் விழும் இடம் வரலாம், ஓடைக்கு அடியில் வாய்க்கால் புகுந்து போகும் இடம் வரலாம். பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால்களில் மலையைக் குடைந்த சுரங்கங்களே உண்டு.

மதகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதகுக்கு முன்னால் தண்ணீர் அசையாமல் கண்ணாடிபோல இருக்கும், அதுதான் ஏமாற்று. இழுப்பு அடியில் இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி துளை, இந்தப் பக்கம் இரண்டு மீட்டர் ஆழத் தண்ணீர், அந்தப் பக்கம் வெறுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையை உங்கள் முதுகு அடைத்தால் ஏறக்குறைய 185 கிலோ எடை உங்களை அங்கேயே அழுத்தி வைக்கும். நீச்சலால் அதை வெல்ல முடியாது, மேலே இருந்து இரண்டு பேர் இழுத்தாலும் வராது, மதகை மூட வேண்டும். மூடுவதற்கு லஸ்கரை, அதாவது மதகைத் திறந்து மூடும் பணியாளரை, தேடிப் பிடிக்க வேண்டும். ஆகையால் ஓடுகிற மதகுக்கு ஐம்பது மீட்டர் பக்கத்தில் போகாதீர்கள். தலைமடையில் முழுத் தண்ணீர் விடும் நாட்களில் முதன்மை வாய்க்காலில் நீச்சலே வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

கொடிவேரித் தடுப்பணையில் தண்ணீர் கொட்டும் இடத்தில் குளிக்காதவர் நம் பக்கம் உண்டா? அளவாக விழும் நாளில், ஆட்கள் நிற்கும் இடத்தில், கம்பியைப் பிடித்துக் குளிப்பது வேறு. தண்ணீர் மிகுந்த நாளில் எந்தத் தடுப்பணையும் வேறு முகம் காட்டும். மேலே இருந்து விழும் தண்ணீர் அடிக்குப் போய், கொஞ்சம் தள்ளி மேலே கிளம்பி, மறுபடி அணைப்பக்கமே திரும்பி வரும். அந்தச் சுற்றில் விழுந்த தேங்காய் மட்டை மணிக்கணக்கில் அங்கேயே புரண்டுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்டைக்கு என்ன கதியோ ஆளுக்கும் அதுதான். நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடல் மிதப்பதும் குறைவு. அணை மூடப்பட்டிருக்கிறது என்று பலகை வைத்த நாளில் பக்கவாட்டுச் சந்து வழியாக இறங்குவது வீரம் ஆகாது.

ஆற்றில் இன்னொன்று, பள்ளம். மணல் அள்ளிய இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடி கசம். குழியின் ஓரத்து மணல் காலடியில் சரியும். நீங்கள் சிறுவயதில் விளையாடிய துறையாகவே இருக்கட்டும். ஒரு வெள்ளம் போனால் அடிமட்டம் மாறிவிடும், பழைய நினைவை நம்பாதீர்கள்.

கிணறு பாதுகாப்பு என்று நினைப்பீர்கள். ஓட்டம் இல்லை, உண்மைதான். எனக்கும் கிணறுதான் பிடிக்கும். ஆனால் நம் கிணறுகள் பாறையைச் செங்குத்தாக வெட்டிய கிணறுகள். சித்திரையில் தண்ணீர் கடைசிப் படிக்கல்லுக்குக் கீழே போய்விடும், குதிப்பது எளிது, ஏறுவதற்குக் கல் எட்டாது. மோட்டார் அறைக் கூரையில் இருந்து தலைகீழாகக் குதிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தை மாதம் இருபதடித் தண்ணீர் இருந்த இடத்தில் வைகாசியில் பாறைத்திட்டு ஆறடியில் நிற்கும். கழுத்தெலும்பு முறிந்து, உயிர் மட்டும் மிஞ்சி, இருபது வயதில் கட்டிலோடு கிடக்கிற ஒரு பையனை எனக்குத் தெரியும். நீர்மூழ்கி மோட்டார் உள்ள கிணற்றில் இறங்குமுன் மெயினை அணையுங்கள். ஸ்டார்ட்டரை மட்டும் அணைத்தால் போதாது. கேபிள் உறை ஓரிடத்தில் கீறியிருந்தாலும் தண்ணீரில் மின்சாரம் பாயும். நெடுநாள் இறைக்காத பாழுங்கிணற்றில் காற்றே கெட்டுப்போயிருக்கும், அங்கே நீச்சலுக்குப் பேச்சே இல்லை.

கிணற்றில் பையன்கள் விளையாடும் இன்னொரு விளையாட்டு, தம் கட்டுவது. யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று போட்டி. சிலர் உள்ளே போகும் முன் வேக வேகமாக இருபது முப்பது முறை மூச்சு இழுத்து விடுவார்கள், அதனால் கூடுதல் நேரம் நிற்க முடிகிறது என்று. காரணம் தெரிந்தால் விட்டுவிடுவீர்கள். மூச்சு விட வேண்டும் என்கிற தவிப்பைக் கொடுப்பது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு விட்டு அதை வெளியேற்றிவிட்டால் தவிப்பு தாமதமாகும். ஆனால் ஆக்சிஜன் அதே வேகத்தில் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். தவிப்பு வருவதற்குள் மூளை மயங்கிவிடும். வலியில்லை, எச்சரிக்கையில்லை. நன்றாக நீந்துகிற, தம் உள்ள, ஆரோக்கியமான இளைஞர்கள்தான் இதில் போகிறார்கள். தனியாக இருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள். துணையோடும் வேண்டாம் என்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருப்பூர் பக்கத்தில் கல் வெட்டி எடுத்த பாறைக்குழிகளில் நாற்புறமும் சுவர்போல நிற்கும், மேல்தண்ணீர் வெதுவெதுப்பு, பத்தடிக்குக் கீழே சில்லிட்டு மூச்சை அடைக்கும். வேண்டாம். பண்ணைக்குட்டையில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பு வாய்க்கால் பாசியைவிட வழுக்கும், கயிறு போடாமல் யாரும் இறங்கக்கூடாது, குழந்தைகள் பக்கத்திலேயே போகக்கூடாது. அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, பவானிசாகருக்கு வரும் மோயாற்றிலும் இருக்கின்றன. அணைகளில் இறங்கத் தடையும் உண்டு. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டிருப்பது உங்களுக்கே தெரியும். கோடையில் தேங்கிச் சூடான குட்டைத் தண்ணீர் மூக்கில் ஏறாமல் பாருங்கள். கேரளத்தில் 2024-இல் உயிர்களைப் பறித்த மூளைத்தொற்று அமீபா மூக்கு வழியாகத்தான் போகிறது. காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம், ஆறும்வரை பொறுங்கள். வலிப்பு உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. குடித்துவிட்டு ஒருவரும் இறங்கக்கூடாது, ஒரு மிடறாக இருந்தாலும்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? ஐந்தரைக்குப் போகமாட்டேன். மார்கழியில் ஐந்தரை மணிக்குத் தண்ணீரில் தலை எது, மட்டை எது என்றே தெரியாது. நன்றாக விடிந்த பிறகு போவேன். முதல் வாரம் இறங்கவே மாட்டேன். கரையில் நடந்து எங்கே இறங்குவது, அதைத் தவறவிட்டால் கீழே எங்கே ஏறுவது, அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவைப்பேன். ஒரு காய்ந்த மட்டையை எறிந்து நூறு அடி போக எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவேன். நாற்பத்தைந்து நொடிக்குள் போய்விட்டால் அது உங்கள் நீச்சல் வேகமான நொடிக்கு 0.67 மீட்டருக்கு மேல், அங்கே நீந்தமாட்டேன். லஸ்கரிடமும் பரிசல்காரரிடமும் பேசிப் பழகுவேன். எப்போது தண்ணீர் கூடும் என்று வேறு யாரையும்விட அவர்களுக்கு முன்பே தெரியும். நெடுந்தூரம் போகாமல், கரையை ஒட்டியே, நிற்கக்கூடிய ஆழத்துக்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் நீந்துவேன். முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போவேன். களைத்தால் தண்ணீரே புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவந்து விடும்.

இடுப்பில் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் காற்றடைத்த ஆரஞ்சு நிற மிதவைப் பை கடைகளில் விற்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். தலையில் பளிச்சென்ற நிறத்தில் தொப்பி. மிதவை இருந்தால் கரையில் இருப்பவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், கால் பிடித்துக்கொண்டால் உங்களுக்குப் பிடிக்க ஒன்று இருக்கும். ஆனால் மிதவை பார்த்துக்கொண்டிருக்காது, போன் செய்யாது. அது ஆளுக்கு ஈடாகாது.

ஓட்டம் இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து, காலை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, கரையை நோக்கிச் சாய்வாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஐம்பது மீட்டர் கீழே கரையேறினால் நடந்து வந்துவிடலாம். தண்ணீருக்குள் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உங்களைக் குப்புறத் தள்ளிவிடும்.

இனி, கரையில் இருப்பவர். அவருக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வியில் இதைத்தான் தடையாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் அப்பா போதும். அவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஒருவர் மூழ்க, காப்பாற்றக் குதித்த அண்ணன், அவரைப் பிடிக்கப் போன மாமன் என்று ஒரே வீட்டில் மூன்று பேரை அடுத்தடுத்து எடுத்திருக்கிறோம். தவிக்கிற ஆள் கைக்குக் கிடைத்ததைப் பற்றி ஏறுவார், மகன் என்றும் அப்பா என்றும் அந்த நேரத்தில் தெரியாது. எட்டுகிற தூரமானால் படுத்துக்கொண்டு மூங்கில் கழியை நீட்ட வேண்டும். எட்டாவிட்டால் எறிய வேண்டும். மூடியை இறுக மூடிய ஐந்து லிட்டர் வெறும் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும். தண்ணீரில் இருக்கும் மனிதரின் தலையை மேலே வைக்க அது போதும். அதன் பிடியில் இருபது மீட்டர் நைலான் கயிறு. கேனுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டால் எறிய எடை கிடைக்கும், காற்றில் திரும்பாது. ஒன்றும் இல்லாத இடத்தில் சேலையும் கயிறுதான், ஐந்தரை மீட்டர் நீளம்.

எடுத்துப் போட்ட பிறகு செய்வதில்தான் நம் ஊரில் இன்னும் பழைய தவறு நடக்கிறது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் போகும். அவருக்கு வேண்டியது காற்று. நினைவில்லை, சரியாக மூச்சில்லை என்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மார்பு எழும்படி ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவே 30 அழுத்து, ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு நூற்றுக்குக் குறையாத வேகத்தில். மறுபடி 2 ஊது. ஆள் வரும்வரை நிறுத்தக்கூடாது. கூட இருக்கும் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும், தனியாக இருந்தால் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு ஊதத் தொடங்குங்கள். கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேனும் கயிறும் வாங்கி வாருங்கள். களத்துமேட்டில் பதினைந்து மீட்டர் தள்ளி நீங்கள் நில்லுங்கள், அப்பாவை எறியச் சொல்லுங்கள். முதல் நான்கைந்து முறை குறி தவறும். கயிற்றின் முனையைக் காலில் மிதித்துக்கொண்டு, கயிற்றைத் தளர்வாகச் சுருட்டி இடது கையில் வைத்துக்கொண்டு, கேனை உங்கள் தலைக்குக் கொஞ்சம் அப்பால் விழும்படி எறிய வேண்டும். அப்போதுதான் கயிறு கைக்குக் கிடைக்கும். பத்துக்கு எட்டு முறை சரியாக விழும்வரை பழகுங்கள். அதன்பிறகு இரண்டு பேரும் ஒரு பிளாஸ்கில் காப்பியோடு ஆற்றுக்குப் போங்கள். அப்பாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. அவர் கைபேசி அவர் பையில் இருக்கட்டும், கண் உங்கள் தொப்பியின்மேல் இருக்கட்டும்.